அட்டையில் இருக்கும் வீடு

1

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஈப்போவில் நாங்கள் நடத்திய நோய்க் கண்காணிப்புப் பயிற்சியின் முதல் அணி தேறி மூன்று வருடம் ஆகிறதாம். அதற்காக, பயிற்றுநராக இருந்த நான் முந்நூறு சொல்லுக்குள் ஒரு 'வெற்றிக் கதை' எழுதித் தரவேண்டுமாம். கூடவே ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். பதினோரு பேர் சான்றிதழைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மீன் வாங்கின பையைப் பிடித்திருப்பது போலச் சான்றிதழைத் தொங்கவிட்டிருக்கிறார். அவர் பெயர் லெட்சுமி.

அதே வாரம்தான் மன்னார்குடியிலிருந்து நீங்களும் எழுதினீர்கள். நாம் படித்த பள்ளியின் ஆண்டு மலருக்குக் 'கடல் கடந்த வாழ்க்கை' பற்றி ஏதாவது வேண்டும், படிக்கிற பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கவேண்டும் என்று. இரண்டு பேரும் கேட்பது ஒன்றுதான். நல்லதாக நாலு வார்த்தை சொல், படத்துக்குக் கீழே போட்டுக்கொள்கிறோம்.

நல்லதாகச் சொல்ல என்னிடம் இல்லை. லெட்சுமியின் அண்ணனுக்கு ஒரு வீடு கிடைக்கவேண்டியது. அது கிடைக்காமல் போனதற்கு நான் காரணம். இதுதான் என் வெற்றிக் கதை. முந்நூறு சொல்லில் அடங்காது என்பதால் உங்களுக்கு அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் போடாமல் விடுங்கள். வெட்டி, ஒட்டி, கடைசியில் 'வாழ்த்துகள்' என்று சேர்த்துப் போடாதீர்கள்.

மகள் யாழினி பக்கத்து அறையில் காய்ச்சலாகப் படுத்திருக்கிறாள். அதனால் ஒரு வாரமாக நான் வீட்டில்தான் இருக்கிறேன். எழுத நேரம் இருக்கிறது.

2

ஊர் நினைவு வருமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். வரும். ஆனால் உங்களுக்குப் பிடித்த மாதிரி தெப்பக்குளமும் கோபுரமும் வருவதில்லை. எனக்கு வருவது ரேஷன் கடை வரிசை. நாங்கள் கடைத்தெருப் பக்கத்து வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே போன பிறகும் அப்பா ரேஷன் அட்டையில் முகவரியை மாற்றவில்லை. மாற்றப் போனால் பழைய அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு புதியதற்கு அலைய விடுவார்கள். அதனால் பல வருடம் சைக்கிளில் பழைய தெருவுக்கே போய் மண்ணெண்ணெய் வாங்கி வந்தார். கடைக்காரருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். அப்பா பொய் சொல்கிறார் என்று ஒருத்தரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

திருமணமாகி இங்கே வந்து இருபது வருடம் ஆகிறது. கணவர் செல்வத்தின் ஊர் பாரிட் புந்தார். சுற்றிலும் வயல், தஞ்சாவூர்க்காரிக்கு நன்றாகப் பொருந்தும் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். என் விசா கோப்பு மாமியார் வீட்டு முகவரியில் திறக்கப்பட்டது. செல்வத்துக்கு ஈப்போவில் வேலை கிடைத்து, நாங்கள் இங்கே ஒரு தாமானில், அதாவது வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பில், வீடு வாங்கி வந்துவிட்டோம். முகவரியை மாற்றக் கவுன்டருக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஃபாரத்தைத் திருப்பித் தள்ளி, "மாற்றினால் கோப்பு வேறு அலுவலகத்துக்குப் போகும். போனால் எப்போது வரும் என்று நான் சொல்லமுடியாது" என்றார். மலாயில், மிக அன்பாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது. மாற்றவில்லை.

அதற்குப் பிறகு வருடாவருடம் அதே வரிசையில் நின்றேன். எண் சீட்டு, புகைப்படம், செல்வத்தின் கையெழுத்து, 'இன்னும் இவரோடுதான் வாழ்கிறீர்களா' என்கிற கேள்வி. என் ஆராய்ச்சிப் பட்டத்தைக் காட்டினால் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்த ஒருவரையும் சந்தித்திருக்கிறேன். நிரந்தரவாசி அட்டை வருவதற்குள் யாழினி பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பல வருடமாகக் காத்திருக்கிறேன். அடுத்த மாதம் நேர்காணல். இன்றைக்கும் என் அட்டையிலும், செல்வத்தின் அட்டையிலும், யாழினியின் அட்டையிலும் முகவரி பாரிட் புந்தார்தான். அரசாங்கக் கணக்குப்படி நாங்கள் மூவரும் வயலுக்கு நடுவே என் மாமியாரோடு ஒற்றுமையாக வாழ்கிறோம். தூங்குவது மட்டும் ஈப்போவில்.

3

பயிற்சி வெளிநாட்டு நிதியில் நடந்தது. 'வளரும் நாடுகளில் உள்ளூர் விஞ்ஞானிகளை உருவாக்குதல்' என்பது அதன் தலைப்பு. உருவாக்குவதற்காகக் குளிர் நாட்டிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். ஈப்போவில் ஒரு ஓட்டலில் குளிரூட்டியைப் பல் கிட்டிக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, ஒரு கற்பனைக் கிராமத்தின் படத்தைத் திரையில் போட்டார். மண் குடிசை, ஒரு ஆறு, ஒரு மாடு. அந்தக் கிராமத்தில் பத்துப் பேருக்குக் காய்ச்சல், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த பதினோரு பேரும் மருத்துவமனை ஆய்வகத்திலும் சுகாதாரத் துறையிலும் பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்தவர்கள். லெட்சுமி டெங்கிக் கிருமியை வகை பிரிக்கிற ஆய்வகத்தில் விஞ்ஞான அதிகாரி. என்னைவிட இரண்டு வயது பெரியவர். அவர் என் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்: "இவரு யாருக்கு கதை சொல்றாரு டாக்டர்? எங்க லேப்ல உள்ள மெஷின பாத்தா மனுசன் அழுதுருவாருலா." அந்த 'லா' இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும்.

நான் மட்டும் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். முதல் நாள் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, இங்கே தோட்டங்களுக்கு வந்த நம் மக்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, 'கூலித் தொழிலாளர்கள்' என்றேன். நம் ஊரில் சாதாரண வார்த்தை. இங்கே முகத்தில் துப்புவதற்குச் சமம். அறையில் இருந்த நான்கு தமிழர்களும் மேசையைப் பார்த்தார்கள். இருபது வருடம் இருந்தும் இந்தத் தவறைச் செய்தேன். தேநீர் இடைவேளையில் லெட்சுமிதான் வந்து, "அந்த வார்த்த இங்க வேணாம் டாக்டர். எங்கம்மா பால்மரம் சீவுனவங்க. அவங்கள அப்படிக் கூப்பிட்டவன தம்பி போய் அடிச்சிட்டான்" என்றார். பால்மரம் என்றால் ரப்பர் மரம். கோபமாகச் சொல்லவில்லை. குறிப்பேட்டில் பிழை திருத்துவது போலச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். ஒரு நாள் என் பாரிட் புந்தார் முகவரிக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். "அப்ப நீங்களும் நம்ம ஆளுதான்" என்றார். ஏதோ பாசத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

4

அந்தப் பருவத்தில் டெங்கி அதிகமாக இருந்தது. ஆலோசகர், கற்பனைக் கிராமம் போதும், உண்மையான தரவை எடுங்கள் என்றார். பெயர்களை நீக்கிவிட்டு, நோயாளிகளின் முகவரிகளை மட்டும் வரைபடத்தில் புள்ளியாக வைத்தோம். இங்கே கிளினிக் கவுன்டரில் அடையாள அட்டையைக் கருவியில் செருகினால் முகவரி தானாக வந்து விழும். அந்த முகவரிக்குத்தான் கொசு ஒழிப்பு ஆட்கள் புகை அடிக்கப் போவார்கள். வரைபடத்தில் பீடோர் பக்கம் ஒரே இடத்தில் கொத்தாகச் சிவப்பு விழுந்தது. அது ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். காகிதத்தில் ஏதோ வெள்ளைக்காரன் பெயர் இருக்கும். சனங்கள் சொல்வது ஆத்துத் தோட்டம்.

"பிரமாதம்" என்றார் ஆலோசகர். ஆத்துத் தோட்டம் லெட்சுமி பிறந்த இடம்.

மறுநாள் ஆலோசகர், லெட்சுமி, நான் மூவரும் வேனில் போனோம். ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்டு அதுவும் பாதி சாய்ந்திருந்தது. தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கிவிட்டதாகப் பலகை நின்றது. லயத்து வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளருக்கான ஒட்டு வீடுகள், நான்கு வரிசை. ஆறு வீட்டில்தான் ஆள் இருந்தது. மற்றதெல்லாம் பூட்டு. வீட்டுக்குப் பின்னால் ரப்பர்ப் பால் பிடிக்கிற பழைய மங்குகள் குவிந்துகிடந்தன. மழைத் தண்ணீர் நிறைந்து ஒவ்வொன்றிலும் கொசுப்புழு நெளிந்தது. ஆலோசகர் குழந்தை மாதிரிக் குதித்துப் படம் எடுத்தார். கைவிடப்பட்ட குடியிருப்பு, கவனிக்கப்படாத மக்கள், நோய் ஊற்று. ஒரே சொடுக்கில் எல்லாம் கிடைத்துவிட்டது.

நான் பூட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் புதுப் பூட்டு, எண்ணெய் போட்டது. வாசல் கூட்டியிருந்தது. ஒரு சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் சுவரில் நாள்காட்டி, அந்த மாதம் வரைக்கும் சரியாகக் கிழிக்கப்பட்டிருந்தது. கட்டிலே இல்லாத வீட்டில் நாள்காட்டி எதற்கு?

திரும்பும் வழியில் ஆலோசகர் பின் இருக்கையில் தூங்கியதும் லெட்சுமியிடம் கேட்டேன்.

"அத கேக்காதீங்க டாக்டர்" என்றார்.

நான் விடவில்லை. பெட்ரோல் நிலையத்தில் வண்டி நின்றபோது என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார். கம்பெனி தோட்டத்தை வாங்கியபோது, அங்கே குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கல்வீடு கட்டித் தருவதாக எழுதிக்கொடுத்திருக்கிறது. வீடு இன்னும் எழும்பவில்லை. தோட்டத்தில் வேலையும் இல்லை. சனங்கள் ஈப்போவுக்கு வந்து ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, காவல் வேலை, துப்புரவு வேலை பார்க்கிறார்கள். அட்டையில் முகவரியை மட்டும் மாற்றுவதில்லை. மாற்றினால் குடியிருப்பவர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முனியாண்டிக் கோயில் பூசைக்கு வரும்போது எல்லோரும் தங்கள் வீட்டைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றி, நாள்காட்டியைக் கிழித்துவிட்டுப் பூட்டிப் போவார்கள்.

"எங்கண்ணன் மாரிமுத்தும் அங்கதான். ப்ளாட்டுல ஏழாவது மாடி. அண்ணிக்கு போன வாரம் டிங்கி. ஆஸ்பத்திரில இருக்காங்க."

"அப்படியென்றால் கொசு இருப்பது அடுக்குமாடியில். புகை அடிப்பது இங்கே" என்றேன்.

"ஆமா."

"இது உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தோட்டத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியும் டாக்டர்."

5

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் நியாயம் போலத்தான் இருக்கிறது. அதுதான் ஆபத்து. ஒரு விஞ்ஞானி, பதினைந்து வருட அனுபவம், தரவு பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். மறுநாள் என் அறைக்கு அவரை வரச்சொன்னேன். இறுதித் திட்டமாக அவர் இதையே செய்யவேண்டும் என்றேன். ஒவ்வொரு நோயாளியையும் நேரில் பார்த்து, அட்டையைப் பார்க்காமல், ஒரே ஒரு கேள்வி கேட்கவேண்டும்: கடந்த இரண்டு வாரம் எங்கே தூங்கினீர்கள்?

"வேணாம் டாக்டர். வேற எது வேணும்னாலும் செய்றேன்."

"உங்கள் அண்ணி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்."

"தெரியும். அந்த வீட்டுக்காக எங்கண்ணன் பன்னெண்டு வருசமா காத்திருக்கு. எழுத்துல வந்திருச்சினா சூசா. ரொம்ப சூசா."

சூசா என்றால் தொல்லை, கஷ்டம். அந்த வார்த்தையை அவர் இரண்டு தடவை சொன்னார். நான் எழுந்து நின்று பாடம் நடத்தினேன். நோய்ப் பதிவு ரகசியம். பெயர் எங்கும் வராது. சுகாதாரத் தரவு, குடியிருப்பவர் பட்டியலை வைத்திருக்கும் அரசாங்க நிலப் பிரிவுக்குப் போகாது. "என் பொறுப்பு" என்றேன். அதற்கும் அவர் அசையவில்லை. அப்போது நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் பதவி உயர்வும் இல்லை என்று நினைவூட்டினேன். ஆலோசகரை இவ்வளவு கிண்டல் செய்கிறேனே, அவர் ஒருநாளும் யாரையும் அப்படி மிரட்டியதில்லை. அதைச் செய்தது நான், தமிழில், நம் பெண்ணிடம்.

லெட்சுமி செய்தார். அவரைப் போல யாரும் செய்திருக்கமுடியாது. கதவைத் தட்டினால் 'நம்ம தோட்டத்துப் புள்ள' என்று உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட குடும்பத்தார் உண்மையைச் சொன்னார்கள். வரைபடத்தில் சிவப்பு பீடோரை விட்டு எழுந்து ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடியின் மேல் உட்கார்ந்தது. மொட்டைமாடியில் மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். சுத்தம் செய்தார்கள், புகை அடித்தார்கள். சில வாரங்களில் காய்ச்சல் நின்றது. அவருடைய அண்ணியும் பிழைத்து வீடு வந்தார்.

இங்கே நிறுத்தினால் உங்கள் மலருக்குச் சரியாக இருக்கும், இல்லையா?

6

நிறைவு விழாவில் இரண்டு வரைபடங்களையும் திரையில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துக் காட்டினோம். அந்தப் பக்கத்தைத் தயாரித்தது ஆலோசகர் இல்லை, நான்தான். பெயர்களை நீக்கியிருந்தேன். ஆனால் 'பீடோர் அருகே ஒரு தோட்டம்' என்று எழுதினால் வெறுமையாக இருந்தது. துல்லியமாக இருக்கட்டும் என்று தோட்டத்தின் பெயரை எழுதினேன். கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: பதிவான குடும்பங்களில் பெரும்பாலோர் உண்மையில் இங்கே வசிப்பதில்லை. கைதட்டினார்கள். மாநிலத்தின் பல துறைகளிலிருந்து விருந்தினர் வந்திருந்தார்கள். நிலப் பிரிவிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் என்னிடமே வந்து, அந்தப் பக்கத்தைத் தனக்கு அனுப்பமுடியுமா, ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்று கேட்டார். அவர் யார், எந்தத் துறை என்று கேட்கத் தோன்றவில்லை. பெருமையாக அனுப்பினேன்.

படம் எடுத்தது அதற்கு அரை மணி நேரம் கழித்து. லெட்சுமி ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அந்தப் பக்கத்தைக் கேட்டவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சில மாதம் கழித்து லயத்து வீடுகளின் கதவில் கடிதம் ஒட்டினார்கள். உண்மையில் குடியிருக்காதவர்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. ஆறு குடும்பத்துக்கு வீடு உறுதி. மாரிமுத்து அந்த ஆறில் இல்லை.

நான் எழுதாத கடிதம் இல்லை. போகாத கவுன்டர் இல்லை. தரவு ஆய்வுக்காக மட்டும் என்றேன். 'ஆனால் தரவு சரிதானே?' என்று திருப்பிக் கேட்டார்கள். சரிதான். அதை நானே கையெழுத்துப் போட்டு உறுதி செய்திருக்கிறேனே. ஆலோசகருக்கு எழுதினேன். வருத்தமளிக்கிறது, இது உள்ளூர் விவகாரம் என்று பதில் வந்தது.

லெட்சுமியைப் பார்க்க அவருடைய ஆய்வகத்துக்குப் பக்கத்திலுள்ள மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு, போனேன். கடைக்கார அண்ணன், ராமநாதபுரத்து வம்சம், என்னைப் பார்த்தால் ஊர்க்காரி என்று இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசுவார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, தே தாரே என்கிற ஆற்றிய தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனால் உங்கள் அண்ணி உயிரோடு இருக்கிறார்" என்றேன்.

"இருக்காங்க. உங்க கோர்ஸுக்கு முன்னாடியும் உயிரோடதான் இருந்தாங்க டாக்டர்" என்றார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கோர்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க லேப்புக்கு வாரா வாரம் ரிசல்ட் வரும்ல, அதுல ஆத்துத் தோட்டம்னு அட்ரஸ் பாத்தா எனக்கு தெரியும், ஆளு எங்க இருக்குனு. பொதுமக்கள் புகார்னு ஒரு ஃபாரம் இருக்கு. இன்ன ப்ளாக்ல கொசுத் தொல்லைனு நானே எழுதிப் போடுவேன். பேரு போடத் தேவையில்ல. புகை அடிக்க ஆளு வந்துரும். அட்டைல இருக்கறது அட்டைலயே இருக்கும். அஞ்சு வருசமா அப்படித்தான்."

"பிறகு ஏன் அந்த வருடம் மட்டும்…"

"அந்த வருசம் ஆறு மாசம் நான் உங்க கிளாஸுலதான இருந்தேன், ரிசல்ட் எங்க பாத்தேன்?"

தேநீர் ஆறிப்போனது. அவர் தன் குவளையைக் காலி செய்துவிட்டு எழுந்தார். "அன்னிக்கு பாரிட் புந்தார் கதை சொன்னப்ப, உங்களுக்கு புரியும்னு நெனச்சேன்லா" என்றார். அழுதேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அவரோடு பேச்சு இல்லை.

7

யாழினிக்குப் பதினாறு வயது. அவள் தமிழ், கேட்டால் புரியும், பேசினால் உடையும். நான் அதட்டினால், "அம்மா, இது இந்தியா இல்லலா" என்பாள். என் இருபது வருடப் புலம்பெயர் வாழ்க்கைக்கு அவள் எழுதிய ஒரு வரி விமர்சனம் அதுதான். போன திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்து பையைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் படுத்தாள். உடம்பு கொதித்தது. கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கவுன்டரில் இருந்த பெண் அவள் அட்டையை வாங்கிக் கருவியில் செருகினாள். பாரிட் புந்தார் என்று திரையில் விழுவதை நான் பார்த்தேன்.

"இதே முகவரிதானே?" என்று மலாயில் கேட்டாள்.

நோய்க் கண்காணிப்பில் பதினைந்து வருடம். பதினோரு பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதவேண்டும் என்பதுதான். அடுத்த மாதம் எனக்கு நேர்காணல். கோப்பில் வேறு முகவரி என்று ஒரு வார்த்தை எங்காவது ஒட்டிக்கொண்டால், இத்தனை வருடக் காத்திருப்பு என்னவாகும் என்று நினைத்தேன். சுகாதாரத் தரவு வேறு துறைக்குப் போகாது என்று சொன்னது இதே வாய். அது போகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"யா" என்றேன். ஆமாம்.

புதன்கிழமை லெட்சுமி போனில் கூப்பிட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"யாழினி செல்வம்னு ஒரு பாசிட்டிவ் ரிசல்ட் வந்திருக்கு டாக்டர். நம்ம புள்ளதான?"

"ஆமாம்."

"இப்ப எப்படி இருக்கு?"

"காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. தண்ணீர் குடிக்கிறாள்."

"நல்லா குடிக்கச் சொல்லுங்க. காய்ச்சல் விட்ட பெறகுதான் கவனமா பாக்கணும், உங்களுக்கே தெரியும்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "அட்ரஸு பாரிட் புந்தார்னு இருக்கு. ரெண்டு வாரமா எங்க தூங்குனா?"

நான் எழுதிக்கொடுத்த அதே கேள்வி. பதில் சொல்ல வாய் திறந்தேன். நேர்காணல் தேதி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதிக்குக் கைக்குழந்தை இருப்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டு போனைப் பிடித்திருந்தேன்.

"சரி டாக்டர்" என்றார் லெட்சுமி. "இருக்கறது இருக்கட்டும்." போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மாமியார் பாரிட் புந்தாரிலிருந்து கூப்பிட்டு, வீட்டைச் சுற்றிப் புகை அடித்துவிட்டார்கள், வளர்க்கிற கோழியெல்லாம் தும்முகிறது, நீ இங்கே என்ன நோயைக் கொண்டுவந்து வைத்தாய் என்று சத்தம் போட்டார். அத்தை, நான் அங்கே வந்து நாலு மாதம் ஆகிறது என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

இன்று காலை எங்கள் தாமானுக்குள்ளேயே அந்த இரைச்சல் கேட்டது. வாசலில் போய் நின்றேன். புகைக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பேர் வரிசையாக வந்தார்கள். ஒருவன் தமிழன். அட்டைப் பலகையில் ஒரு ஃபாரம் செருகி வைத்திருந்தான். எட்டிப் பார்த்தேன். பொதுமக்கள் புகார். எங்கள் தெருப் பெயர், கொசுத் தொல்லை. புகார் கொடுத்தவர் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. கையெழுத்து எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தில் ஆறு மாதத் திட்ட அறிக்கையைத் திருத்தியிருக்கிறேன்.

என் அட்டையும் அப்படியே இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் தப்பும். மாரிமுத்து அண்ணனுக்கு நான் எதைச் செய்யவிடவில்லையோ, அதை அவர் எனக்குச் செய்திருக்கிறார்.

"கதவு சன்னல சாத்திக்குங்கக்கா. சாமான மூடி வைங்க" என்றான் அந்த ஆள். பேனாவை எடுத்தான். "இந்த வீட்டுல யாராச்சும் காய்ச்சலா படுத்திருக்காங்களா?"

உள்ளே யாழினி இருமினாள். அவன் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"யாரும் இல்லை" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், பிறகு ஃபாரத்தைப் பார்த்தான். "யாரும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுதி, கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினான்.